கொலுவுக்கு முகம் காட்டாத மீன்

“மீன் எங்க?”

அக்கா வீட்டு ஹாலுக்குள் வருகிறவர்கள் என் மீன் தொட்டிக்கு முன்னால் குனிந்து முதலில் கேட்பது இதைத்தான். அடுத்தபடியாகக் கண்ணாடியைத் தட்டுவார்கள். நகத்தால் தட்டியவர்கள் உண்டு, மோதிரத்தால் தட்டியவர்கள் உண்டு. ஒருவர் கார் சாவியால் தட்டினார். காலிங் பெல் அடித்தால் உள்ளே இருப்பவர் வந்து கதவைத் திறந்தாக வேண்டும் என்கிற அதே அதிகாரம். மீன் வராவிட்டால் முகம் சுருங்கிவிடும். வெறும் தண்ணீரையும் கல்லையும் வைத்துக்கொண்டா இத்தனை நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு சோபாவுக்குப் போய்விடுவார்கள்.

ஆரம்பத்தில் பொறுமையாகத்தான் விளக்கினேன். இது கூச்ச சுபாவம் உள்ள மீன், சாயங்காலம் சத்தம் அடங்கினால் வரும், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள் என்று. யாரும் உட்காரவில்லை. ஒரு மீனுக்காகப் பத்து நிமிடம் சும்மா உட்கார இங்கே யாருக்கும் முடியாது. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற பாட்லக் வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒரு கிரகப்பிரவேசம் என்று ஓடிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு, கூப்பிட்ட குரலுக்கு வராத எதுவும் இல்லாததற்குச் சமம்தான்.

அமெரிக்காவில் படிப்பு முடிந்து லாஸ் கொலினாஸில் வேலை கிடைத்தபோது, தனியாக அபார்ட்மென்ட் எல்லாம் எதற்கு, ஃபிரிஸ்கோவில் இவ்வளவு பெரிய வீடு இருக்கிறதே என்று அக்காதான் என்னைக் கூட்டிவந்தாள். மாடியில் எனக்கு ஓர் அறை. தொட்டியை அந்த அறையிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றுதான் கேட்டேன். கண்ணாடி உடைந்து தண்ணீர் கீழே இறங்கினால் சீலிங் போய்விடும் என்று அக்கா பயந்தாள். அதனால் ஹாலுக்கு வந்தது. எல்லாருடைய கண்ணுக்கும், விரலுக்கும் எட்டுகிற இடத்துக்கு.

இருபது கேலன் தொட்டி. உப்புத் தண்ணீர். அந்த உப்பு வாளியைப் பார்த்து, “இத சாம்பாருக்குப் போடலாமாடி?” என்று அக்கா கேட்டாள். கராஜில் வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கலந்து, அளந்து, ஒரு நாள் ஊறவைத்து, வாராவாரம் மாற்ற வேண்டும். மணல், கல், பாக்டீரியா எல்லாம் ஒன்றுக்கொன்று பழகி ஒரு சின்னக் கடலாவதற்கே இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் உள்ளே மீனே கிடையாது. அப்போது யாராவது மீன் எங்கே என்று கேட்டிருந்தால் நியாயம்.

பிறகு கோபி என்கிற வகை மீன் ஒன்றை வாங்கினேன். கோபி என்றதும் அத்தானுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, கொண்டாட்டம். “கோபி சார் இன்னைக்கும் வொர்க் ஃப்ரம் ஹோமா?” என்று தினமும் காபிக் கோப்பையோடு வந்து கேட்பார். நல்ல மனிதர். ஆனால் எதையும் எல்லாருக்கும் காட்டிச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்கிற வியாதி உள்ளவர். புதுக் கார் வாங்கினால் பானட்டைத் திறந்து காட்டுவார். மகள் ஒரு ஸ்பெல்லிங் போட்டியில் சான்றிதழ் வாங்கினால் ஃபிரேம் போட்டு, வருகிறவர்கள் ஷூ கழற்றும் இடத்துக்கு மேலேயே மாட்டுவார்.

என் மீன் விரல் நீளம்தான். வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் பட்டைகள். முதுகில் விசிறி மாதிரி ஒரு துடுப்பு. கடலில் இது தனியாக வாழ்வதில்லை. பிஸ்டல் இறால் என்று ஒன்று இருக்கிறது, சொடக்குப் போடுவது மாதிரிச் சத்தம் எழுப்பும். அதோடு சேர்ந்துதான் வாழும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனால் நாள் முழுக்க மணலைத் தோண்டி வளை கட்டும். மீனுக்குத் தோண்டத் தெரியாது, ஆனால் கண் கூர்மை. மீன் வளை வாசலில் காவல் நிற்கும். இறால் மணலை அள்ளிக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் தன் நீளமான மீசை ஒன்றை மீனின் உடம்பில் வைத்துக்கொண்டேதான் வரும். ஆபத்து தெரிந்தால் மீன் வாலை ஒரு சிலுப்பு சிலுப்பும், அவ்வளவுதான், இரண்டும் உள்ளே. இதைப் பற்றி முதன்முதலில் தெரிந்துகொண்ட அன்று ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு மூன்று மணி நேரம் வீடியோ பார்த்தேன். அந்த மீட்டிங்கில் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை என்னவென்று அடுத்த நாள்தான் தெரிந்தது.

மீனையும் இறாலையும் தொட்டியில் விட்டு முதல் பதினோரு நாள் இரண்டையும் நானே பார்க்கவில்லை. ஒரு தட்டையான கல்லின் அடியில் மணல் மட்டும் தினம் கொஞ்சம் இடம் மாறியிருக்கும். பன்னிரண்டாம் நாள் கல்லின் விளிம்பில் ஒரு தலை. அதன் பின்னால் சிவப்புக்கோடு போட்ட ஒரு சின்ன உடம்பு, மீசையை மீனின் முதுகில் வைத்தபடி. தரையில் உட்கார்ந்திருந்த நான் மூச்சு விடவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் எப்படியோ கண்டுபிடித்திருந்தார்கள்.

கொலு விஷயத்தில் முதல் தப்பு என்னுடையதுதான். அதைச் சொல்லாமல் மேலே எழுதினால் அது பொய்.

நவராத்திரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அக்கா ஒரு யோசனையோடு வந்தாள். இந்த வருஷம் கொலுப்படியைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். பள்ளிகொண்ட பெருமாள் பொம்மையைத் தொட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் வைத்தால், பின்னால் நீல வெளிச்சத்தில் அலையடிக்கிற தண்ணீர் பாற்கடல் மாதிரி இருக்கும். இந்த ஏரியாவில் யார் வீட்டிலும் நிஜக் கடல் வைத்த கொலு இருக்காது.

நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குள் ஒரு குரல், கடைசியில் இவர்கள் என் தொட்டியை மதிக்கிறார்கள் என்று குதித்தது. மூன்று நிபந்தனை மட்டும் போட்டேன். தண்ணீருக்குள் எதுவும் போடக்கூடாது, பூ இதழ்கூட. மேலே இருக்கும் வலை மூடியைத் திறக்கக்கூடாது, ஏனென்றால் இந்த வகை மீன் பயந்தால் தண்ணீரை விட்டுத் துள்ளிவிடும். கல்லைத் தொடவே கூடாது, அதன் அடியில்தான் வளை. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அத்தான் ஃபோனில் நோட் பண்ணிக்கொண்டார். நானே வந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஒரு சின்ன உரைகூடத் தயார் பண்ணிவைத்திருந்தேன். இப்போது நினைத்தால் எரிகிறது.

கொலுவில் பொம்மைகளைப் பார்த்துவிட்டுச் சும்மா போய்விட முடியாது. யாராவது பாட வேண்டும். சென்னையில் அம்மா என்னைக் கூட்டிப்போன ஒவ்வொரு வீட்டிலும் பட்டுப்பாவாடையோடு ஜமுக்காளத்தில் உட்காரவைத்து, ஒரு பாட்டுப் பாடு, அப்பத்தான் சுண்டல் என்பார்கள். எனக்குக் குரல் வராது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும். கூச்சமா, எங்க கிட்ட என்ன கூச்சம் என்று ஒருவர் தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்துவார். கூச்சம் என்பது அவர்களுக்கு நான் செய்கிற ஒரு அவமரியாதை. இங்கே வந்தும் அது மாறவில்லை. அக்கா மகளுக்கு எட்டு வயது. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். கொலு ஆரம்பித்த நாளிலிருந்து அவளும் தினம் வந்தவர்கள் முன்னால் நின்று அதே பாட்டை, தரையைப் பார்த்தபடி, பாடிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமைதான் பெரிய கூட்டம். ஆறு மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். மீட்டிங் இழுத்தது. டோல்வே சாலையில் ஏதோ விபத்து. வீட்டுக்குள் நுழையும்போது ஏழு தாண்டிவிட்டது. வாசலில் செருப்புக் குவியல். உள்ளே, எங்கள் தெருவில் எல்லாக் கொலுவுக்கும் தலைமை தாங்குகிற ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். முப்பது பேர் தரையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் கண்ணில் பட்டது வலை மூடி. சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் மேல் தாம்பூலப் பைகளை அடுக்கியிருந்தார்கள். அடுத்தது கல். என் தட்டையான கல், இரண்டு மாதம் ஊதா நிறம் ஏறி உயிர்பிடித்த கல், ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில், மஞ்சள் குங்குமக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில், தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தது. தொட்டித் தண்ணீர் மோர் மாதிரி கலங்கியிருந்தது. பாற்கடல் என்று அக்கா சொன்னது அன்றைக்குத்தான் நிஜமாயிற்று.

பாட்டு நடக்கும்போது பேச முடியாது. அது இந்தக் கூட்டத்தின் எழுதாத சட்டம். உட்கார்ந்திருந்தவர்களின் புடவைகளை மிதிக்காமல் தாண்டித் தாண்டித் தொட்டி வரைக்கும் போனேன். தூரத்திலிருந்தே அக்கா கண்ணால் சொன்னாள், இப்போ வேண்டாம் என்று. ஆன்ட்டி சரணத்துக்கு வந்துவிட்டார். முடிந்துவிடும் என்று நினைத்தால் அதே வரியைத் திரும்பப் பிடித்தார். இன்னொரு தரம். இன்னொரு தரம், கொஞ்சம் நெளித்து. நான் முட்டிபோட்டுக் கண்ணாடியில் முகத்தை வைத்துக் கலங்கலுக்குள் தேடினேன். கல் இருந்த இடத்தில் வளை இடிந்து ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. இறாலைக் காணவில்லை. மீனையும் காணவில்லை. அந்த வரி ஏழாவது முறையாக வந்தது.

பாட்டு முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் கேட்டேன், கல்லை யார் தூக்கினார்கள் என்று.

அத்தான் சமையலறையிலிருந்து சுண்டல் கப் அடுக்கிய டிரேயோடு வந்துகொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு.

“நான்தாம்மா. எல்லாரும் ஆசையாக் கேட்டாங்க. ஒரு செகண்ட் தூக்கிக் காமிச்சிட்டு வெச்சிரலாம்னு பாத்தேன்.”

“வெச்சீங்களா?”

“திரும்ப உக்கார மாட்டேங்குது. அப்படியே ஆடுது. நீ வந்து வெச்சுக்குவேன்னு எடுத்து வெச்சேன்.”

மீன் எங்கே என்று இந்த முறை நான் கேட்டேன். அவர் டிரேயைக் கீழே வைக்காமலே தொட்டியை எட்டிப் பார்த்தார். “உள்ளதான் எங்கயாச்சும் இருக்கும்மா. எங்க போயிரப்போவுது.”

அப்போது அக்கா மகள் என் பக்கத்தில் வந்து நின்று, அடிக்குரலில், “சித்தி, ஐ ஹெர்ட் எ ஸ்ப்ளாஷ்” என்றாள். அப்பா கல்லைத் தூக்கியபோது தண்ணீர் தெறித்ததாம். யாரும் கவனிக்கவில்லையாம். அவள் சொன்னாளாம், யாரும் கேட்கவில்லையாம். அப்போதுதான் அவளைப் பாடச் சொல்லிக் கூப்பிட்டார்களாம்.

துள்ளிவிட்டது. எனக்கு அது ஒன்றுதான் ஓடியது. மூடியில்லாத தொட்டி, பயந்த மீன், தெறித்த தண்ணீர். தரையில் விழுந்திருந்தால் சில நிமிடம்தான். தொட்டிக்குப் பின்னால் பார்த்தேன், சுவர் ஓரம் பார்த்தேன், சோபாவுக்கு அடியில் ஃபோன் டார்ச்சை அடித்தேன். ஆன்ட்டிகள் காலை மடக்கிக்கொண்டார்கள். ஒருவர் பாம்பு ஏதும் இல்லையே என்று விசாரித்தார். பாக்கி இருந்தது ஒரே இடம். தொட்டியை ஒட்டி நின்ற கொலுப்படி. ஏழு படி, மேலே பட்டு வேட்டி விரித்து, பொம்மைகளின் பாரம் துணியை இழுத்துப் பிடித்திருந்தது. துணிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அகல இருட்டு. கீழ் இரண்டு படியிலிருந்து பொம்மைகளை எடுத்தால்தான் துணியைத் தூக்கி உள்ளே பார்க்க முடியும்.

செட்டியார் பொம்மையில் கை வைத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“கை வெக்காத. விஜயதசமி வரைக்கும் எடுக்கக் கூடாது. தெரியும்ல உனக்கு.”

“அதுக்குள்ள அது கருவாடாயிரும்.”

“எல்லாரும் இருக்காங்கடி.”

“எல்லாரும் இருந்ததாலதான் இது நடந்துச்சு.”

பாடிய ஆன்ட்டி சூழ்நிலையைச் சரிபண்ணலாம் என்று நினைத்திருக்க வேண்டும். கெட்ட மனுஷி இல்லை. என் தோளைத் தட்டி, சிரித்துக்கொண்டே, “டென்ஷன் ஆவாதம்மா. நீ ஒக்காந்து ஒரு பாட்டுப் பாடு, அது தன்னால வந்து நிக்கும்” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் அக்காவின் கையை உதறினேன். பொம்மைகளை எடுக்க ஆரம்பித்தேன். செட்டியார், செட்டிச்சி, மளிகைக்கடை, தவில், நாகஸ்வரம். ஒவ்வொன்றாகச் சோபாவில் வைத்தேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் உதவவும் இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார் ஒருவர். பாதிப் பேர் எழுந்து வலை மூடி மேலிருந்த தாம்பூலப் பைகளைத் தாங்களே எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கிளம்பும்போது வழக்கமாக வாசலில் நடக்கிற அரைமணி நேரப் பேச்சு அன்று நடக்கவில்லை. நான் துணியைத் தூக்கி, வயிற்றால் ஊர்ந்து, தலையை உள்ளே விட்டேன். தூசி, ஒரு கிரேயான், காய்ந்த கடலை ஒன்று. மீன் இல்லை.

வெளியே வந்தபோது ஹால் காலி. அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

“திருப்தியா?” என்றாள். அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொரு பொம்மையாக எடுத்துத் துடைத்து அதே இடத்தில் திரும்ப வைத்தாள். உதவப் போனேன். வேண்டாம் என்று கையால் காட்டினாள். அந்த நேரத்தில் நான் வெட்கப்பட்டிருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். வெட்கம் வரவில்லை. ஒரு களிமண் பொம்மையை நான்கு நாள் நகர்த்தக்கூடாது, மூச்சு விடுகிற ஒன்றின் வீட்டை ஒரு செகண்டில் தூக்கிக் காட்டலாம் என்றால் அது என்ன பக்தி என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை காலை அக்காவும் மகளும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அத்தான் பின்பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளிந்திருந்தது. இறால் உயிரோடு இருந்தது. இடது மூலையில் புதிதாக ஒரு குழி தோண்டிக்கொண்டிருந்தது. மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், மீசையை இடப்பக்கம் நீட்டும், வலப்பக்கம் நீட்டும், எதிலும் படாது, உடனே உள்ளே ஓடிவிடும். அதைப் பார்க்க முடியாமல் எழுந்து ஃபில்டர் பஞ்சை மாற்றப் போனேன்.

என் தொட்டியின் பின்பக்கத்தில் ஒரு கறுப்புத் தடுப்பு உண்டு. அதற்குப் பின்னால் பம்ப்பும் பஞ்சும் இருக்கிற குறுகலான அறைகள். மேலே மூடி இருந்தால் மீன் அதற்குள் போகவே முடியாது. பஞ்சை இழுத்தேன். பம்ப் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில், ஆரஞ்சுப் பட்டையோடு, விசிறியை மடக்கிக்கொண்டு, அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு கீறல்கூட இல்லை.

மீன் வளர்ப்பவர்களின் எந்த இணைய ஃபோரத்தில் யார் வந்து மீனைக் காணவில்லை என்று அழுதாலும் முதல் பதில் ஒன்றுதான்: பின்னறையைப் பார். நானே நாலைந்து பேருக்கு அந்தப் பதிலை, கொஞ்சம் நக்கலோடு, எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை எனக்கு அது ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் கொலுவைத் தொட்டிருக்க மாட்டேன். இன்னொன்றும் உண்டு, எழுதக் கை வரவில்லை என்றாலும் எழுதுகிறேன். அத்தான் சொன்னது சரி. உள்ளேதான் இருந்தது.

ஜன்னல் வழியாக அவர் தெரிந்தார். கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் ஓடிவருவார், சிரிப்பார், நான்தான் அப்பவே சொன்னேனே என்பார். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குரூப்பில் அது ஒரு ஜோக் ஆகிவிடும். இதுக்காகவா கொலுவக் கலைச்சே என்று அக்கா கேட்பாள். வாயை மூடிக்கொண்டேன். ஒரு கோப்பையால் மீனை மெதுவாக அள்ளி முன்பக்கத் தண்ணீரில் விட்டேன். ஒரே வெட்டு, வலது பக்கக் கல்லுக்குப் பின்னால் போய் மறைந்தது.

அத்தான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். தொட்டியிலிருந்து நாலடி தள்ளியே நின்று, மீன் கிடைத்ததா என்று கேட்டார்.

“இல்ல” என்றேன்.

அதன் பிறகு இரண்டரை நாள் அந்த மனிதர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஜோக் நின்றுவிட்டது. தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பார். கராஜில் எனக்காகத் தண்ணீர் பிடித்து வைத்தார், கேட்காமலே. கோபி மீன் பற்றிய வீடியோக்களைத் தேடித் தேடி எனக்கு அனுப்பினார். எல்லாம் நான் எப்போதோ பார்த்தவை. ஒன்றுக்கும் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் எதிரே வந்தவர், “சாரிம்மா, எனக்கு அது அவ்ளோ பெரிய விஷயம்னு தெரியல” என்றார். நான் பரவாயில்லை என்றுகூடச் சொல்லாமல் ஒதுங்கி வழி விட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. முதன்முறையாக இந்த வீட்டில் ஒருவர் என் தொட்டியை நினைத்துச் சாப்பிடாமல் இருக்கிறார். மீன் கூச்சக்காரன், அவன் என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. வலது மூலையில் அவன், இடது மூலையில் இறால். நடுவே ஒரு ஜாண் மணல். இரண்டும் அதைத் தாண்டவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தால் மூன்று பேரும் ஹாலில் எனக்காகக் காத்திருந்தார்கள். அத்தான் கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பாதித் தண்ணீர், பாதிக் காற்று. உள்ளே ஆரஞ்சுப் பட்டை போட்ட ஒரு மீன்.

“மூணு கடை ஏறி எறங்கினாரு. பிளேனோல இல்ல, கேரல்டன்ல இல்ல. ஆர்லிங்டன் வரைக்கும் டிரைவ் பண்ணிட்டு வந்திருக்காரு” என்றாள் அக்கா. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள்.

அத்தான் பையை நீட்டினார். “பைய அப்படியே பதினஞ்சு நிமிஷம் மெதக்கவிடணும். அப்புறம் நம்ம தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள ஊத்தணும். கரெக்ட்தானே? நான் கிட்டயே வரமாட்டேன்மா. நீயே விடு.”

எல்லாம் கரெக்ட். வீடியோவில் சொன்னபடி ஒவ்வொன்றும் கரெக்ட். ஒன்றுதான் அவருக்குத் தெரியாது. என்னுடையது ஆண். பைக்குள் விசிறித் துடுப்பை விரித்துக்கொண்டு நிற்கிறதும் ஆண். இருபது கேலன் தண்ணீரில் இரண்டு ஆணை விட்டால் ஒன்று இன்னொன்றைத் துரத்தித் துரத்திக் கடிக்கும். தோற்றது சாப்பிடாமல் சாகும். ஏற்கெனவே வீடு இழந்து பயந்துகிடக்கிற என் மீன்தான் தோற்கும். பை என் கையில் சில்லென்று இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண், பெண் சொல்லித் தப்பிக்க வழி இருக்கிறதா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். தொட்டி காலி என்று நினைக்கிறவர்களிடம் எதைச் சொல்ல.

“அது சாகல” என்றேன்.

அத்தான் முகம் மலர்ந்ததுதான் எனக்கு இன்றுவரை தாங்க முடியாதது. “உயிரோட இருக்கா? எங்க?” என்று கேட்டு, நான் கை காட்டிய மூலையை, அங்கிருந்தே, எக்கிப் பார்த்தார். நிஜமான சந்தோஷம். அதற்கு அப்புறம்தான் கேட்டார், எப்போது கிடைத்தது என்று. சனிக்கிழமை காலை என்றேன். அவர் தலையை ஆட்டினார். நான்தான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. ஷூவைக் கழற்றாமலே வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் கவனித்தவர் போல வாசலுக்குப் போய்க் கழற்றிவைத்துவிட்டு மாடிக்குப் போனார். மகளும் கூடவே போனாள்.

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் திரும்பக் கத்த என்னிடம் நிறைய இருந்தது.

“மூணு நாளா அவரு ஒழுங்கா சாப்பிடல. உனக்குத் தெரியும்” என்றாள். “எதுக்க ஒக்காந்து நீ சாப்டுட்டு இருந்த.”

நான் பையைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். வழி நெடுக ஏசியைக் குறைத்து, பையை மடியில் கட்டியணைத்த மாதிரி வைத்துக்கொண்டு, பெல்ட்டுக்கு மேலாக ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். எல்லார்மீதும் எரிச்சல். கல்லைத் தூக்கியவர் மீது, ஆசையாகக் கேட்டவர்கள் மீது, ஏழு முறை ஒரே வரியைப் பாடியவர் மீது. ஆர்லிங்டன் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயராக உதிர்ந்து கடைசியில் நான் மட்டும்தான் மிஞ்சினேன், ஆனாலும் கோபத்தின் அளவு குறையவில்லை. மொத்தமும் ஒரே ஆளுக்கு வந்து சேர்ந்தது. கடைக்காரர் மீனைத் திரும்ப எடுத்துக்கொண்டார். என்ன பிரச்சினை என்று கேட்டார். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்றேன். வாங்க வந்தவரிடம் அதை யாரும் சொல்லவில்லையா என்றார்.

விஜயதசமி முடிந்து கொலுப்படியைப் பிரித்து அட்டைப்பெட்டிகளில் கட்டி வைத்தார்கள். அக்கா பேச ஆரம்பித்தாள், தேவைக்கு. அத்தான் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டார், அது எல்லாவற்றையும்விட மோசம். ஆபீஸ் பக்கம், இர்விங்கில் தனியாக அபார்ட்மென்ட் பார்க்கத் தொடங்கினேன். கல்லை நான் அதன் பழைய இடத்தில் வைக்கவில்லை. இறாலின் புதுக் குழிக்குக் கூரை மாதிரிச் சாய்த்து வைத்தேன். தினமும் சாப்பாட்டை இரண்டு மூலைக்கும் தனித்தனியாகப் போட்டேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கத்துச் சாப்பாட்டை நடுவுக்கு நகர்த்தினேன். ஒரு நாளைக்கு இரண்டு விரல் தூரம்.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை. நானும் அத்தானும் மட்டும்தான் வீட்டில். அவர் டைனிங் டேபிளில் ஹெட்செட் போட்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தபோது கல்லின் விளிம்பில் மீன் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னாலிருந்து இறால் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. மீசை மீனின் முதுகில்.

நான் அத்தானைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவர் ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, சாக்ஸ் காலோடு, சத்தமில்லாமல் நடந்துவந்து சோபாவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார்.

“இங்க நிக்கலாமா?”

“அங்கயே நில்லுங்க” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

நின்றார். ஹெட்செட்டிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது எனக்கே கேட்டது. அவர் அதை அணைத்தார்.

“கல்லுக்கு எடது பக்கம். தெரியுதா?”

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “ஆரஞ்சா ஒரு துளி தெரியுதும்மா.”

“அதுதான்.”

கிட்டே வந்து பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அங்கிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவையும் பார்த்துக்கொண்டு நின்றார்.